கொலனோஸ்கோபிக்கு ஆயத்தமாகும் சர்க்கரை நோயாளிகள் அறிய வேண்டியவை

பெருங்குடலின் உட்புறத்தை நேரில் கண்டு ஆராய உதவும் பரிசோதனையே கொலனோஸ்கோபி. நுனியில் நுண்ணிய ஒளிப்படக் கருவி பொருத்தப்பட்ட, வளைந்து கொடுக்கும் குழாய் ஆசனவாய் வழியாகச் செலுத்தப்பட்டு, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் முழுவதும் பார்வையிடப்படுகிறது. மலத்தில் குருதி கலந்து வருதல், காரணம் புலப்படாத இரத்தசோகை, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, திடீரென மாறிய மலப்பழக்கம் ஆகியவற்றின் காரணத்தை அறிய இது உதவுகிறது. பாலிப் எனப்படும் சதை வளர்ச்சிகள் காணப்பட்டால் அவற்றில் பலவற்றை அப்போதே அகற்றிவிடலாம். அவை பின்னாளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு அதனால் தடுக்கப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால், மருத்துவர் அறிவுறுத்திய இப்பரிசோதனையை அவர்கள் தள்ளிப்போடுவது நல்லதன்று.

பரிசோதனை பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களே கவனத்தைக் கோருபவை. குடலைத் தூய்மை செய்வதற்காக உணவு குறைக்கப்படுகிறது, பின்னர் நிறுத்தப்படுகிறது, பேதி மருந்து அருந்தப்படுகிறது. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இது அசதி தரும் ஒரு நாள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவருக்கு, உரிய முன்னேற்பாடு இல்லையெனில், இதே நாள் ஆபத்தாக முடியலாம்.

இது ஏதோ சிலரைப் பற்றிய செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அதாவது ஏழு பேரில் ஒருவர். இப்பரிசோதனை பெரும்பாலும் நடுவயதினருக்கும் முதியோருக்குமே தேவைப்படுவதால், இதற்கு வருவோரிடையே நீரிழிவு உள்ளவர்கள் எண்ணிக்கை இன்னும் கூடுதலாக இருப்பது இயல்பு.

சர்க்கரை ஏன் தாழ்கிறது?

நாம் உண்ணும் சோறு, இட்லி, களி முதலியவை செரித்துக் குளுக்கோஸாக மாறிக் குருதியில் கலக்கின்றன. அந்தக் குளுக்கோஸை உடலின் உயிரணுக்களுக்குள் செலுத்துவது இன்சுலின். உணவு நின்றால் குருதியில் சர்க்கரை குறையத் தொடங்கும். நலமுள்ள உடலில் அப்போது கணையம் இன்சுலின் சுரப்பதைத் தானே குறைத்துக்கொள்ளும். கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளிவிடும். இவ்வாறு அளவு காக்கப்படுகிறது.

ஊசி மூலம் செலுத்தப்பட்ட இன்சுலினுக்கு இந்த அறிவு இல்லை. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகளும் அத்தகையனவே. குருதியில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பாராமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை அவை. காலையில் விழுங்கிய ஒரு மாத்திரை அன்று நாள் முழுவதும் செயல்படக்கூடும். சிறுநீரகம் நலிந்தவர்களிடம் இதன் ஆற்றல் இன்னும் நீண்ட நேரம் தங்கிவிடும். உணவில்லாத நாளில் வழக்கமான அளவில் இவற்றை எடுத்துக்கொண்டால் சர்க்கரை தாழ்வது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே.

குருதியில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் அது தாழ்சர்க்கரை நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, உதடு மரத்தல், கண் மங்குதல், எரிச்சல், பேச்சுக் குழறல் ஆகியன இதன் அறிகுறிகள். 54-க்குக் கீழே சென்றால் மூளைக்குத் தேவையான சர்க்கரை போதாமல் குழப்பமும், வலிப்பும், மயக்கமும் நேரலாம். இரத்தக்கொதிப்புக்கோ இதய நோய்க்கோ மெட்டோபிரோலால், அட்டெனோலால், புரோபிரனோலால் போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளிப்படாமல் போகலாம். அவர்களுக்கு வியர்வை ஒன்றே எச்சரிக்கையாக இருக்கக்கூடும். நெடுங்காலமாக நீரிழிவு உள்ள முதியோருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே சர்க்கரை தாழ்வதுண்டு. எனவே உடல் சொல்லட்டும் என்று காத்திராமல், கருவியால் அளந்து பார்ப்பதே பாதுகாப்பு.

இது விரதமன்று

சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் ரமலானுக்கும் உண்ணாதிருந்து பழகியவர்கள் நம்மிடையே பலர். அந்தப் பழக்கத்தால் கொலனோஸ்கோபிக்கு முந்தைய நாளையும் ஒரு விரதமாகவே கருதிவிடுகின்றனர். விரதத்தில் இடையே எதையேனும் உட்கொண்டால் அது முறிந்துபோகும். இங்கோ அப்படியன்று. தெளிந்த சர்க்கரை நீரை அருந்துவதால் குடல் அழுக்காவதில்லை, பரிசோதனை கெடுவதில்லை. அது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

இதனுடன் இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. பல்லாண்டுகளாகச் சர்க்கரையைத் தொடாமல் வாழ்ந்தவருக்கு, சர்க்கரை கலந்த நீரைக் கையில் எடுக்கவே மனம் ஒப்பாது. சர்க்கரை சேர்த்தால் நோய் கூடும் என்ற அச்சமும், எதையாவது குடித்தால் பரிசோதனை கெடும் என்ற அச்சமும் ஒன்றுகூடும்போதுதான், கை நடுங்கத் தொடங்கிய பின்னும் நோயாளி படுத்துக்கொண்டே பொறுத்துப் பார்க்கிறார். இந்தத் தாமதத்தைத் தவிர்ப்பதே இக்கட்டுரையின் முதன்மையான நோக்கம். தாழ்ந்த சர்க்கரையை உடனே உயர்த்த வேண்டும். பரிசோதனையை இன்னொரு நாளும் செய்துகொள்ளலாம்.

ஒரு வாரத்திற்கு முன்பே செய்ய வேண்டியவை

கொலனோஸ்கோபிக்கு நாள் குறிக்கும்போதே தமக்குச் சர்க்கரை நோய் உள்ளதைத் தெரிவிக்க வேண்டும். முடிந்தவரை காலையின் முதல் நேரத்தைக் கேட்டுப் பெறுவது நலம். உணவில்லாத நேரம் அதனால் குறையும்.

உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், அட்டையுடனும் சீட்டுடனும், மருத்துவரிடம் நேரில் காட்ட வேண்டும். “சர்க்கரை மாத்திரை ஒன்று, பிரஷர் மாத்திரை ஒன்று” என்று சொல்வது போதாது. இன்று விற்பனையாகும் சர்க்கரை மாத்திரைகள் பலவற்றில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு அல்லது மூன்று மருந்துகள் கலந்துள்ளன. மெட்ஃபார்மினுடன் கிளிமிபிரைடு கலந்த மாத்திரை மிகப் பரவலானது. ஒன்று ஏறத்தாழத் தீங்கற்றது, மற்றொன்று சர்க்கரையைத் தாழ்த்துவது. இரண்டும் ஒரே மாத்திரையில் இருப்பதை அட்டையைப் பார்த்தால்தான் அறிய முடியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக வீட்டிலேயே மாத்திரை பெறுவோரும் அம்மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துவர வேண்டும். இரண்டு இடங்களில் மருந்து வாங்குவோர் இரண்டையும் காட்ட வேண்டும்.

சிறுநீரகச் செயல்பாடு, இதய நோய், முன்பு எப்போதேனும் சர்க்கரை தாழ்ந்து மயங்கியது ஆகியவற்றையும் கூறுக. இரும்புச்சத்து மாத்திரை குடலில் கறுப்பாகப் படிவதால் சில நாள்களுக்கு முன்பே நிறுத்தப்படுவது வழக்கம். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற குருதி உறைவைத் தடுக்கும் மருந்துகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது.

மாத்திரைகளின் வகையும் முறையும்

கீழ்க்கண்டவை பொதுவான வழக்கங்கள். ஒவ்வொருவருக்கும் உரிய அளவை அவரவர் மருத்துவரே எழுதித் தருவார்; அதுவே இறுதியானது.

முதல் வகை, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு முதலியவை. தெளிந்த நீராகாரம் மட்டும் அருந்தும் நாளிலும் பரிசோதனை நாள் காலையிலும் இவை பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்படுகின்றன.

இரண்டாம் வகை மெட்ஃபார்மின். இது தனித்து எடுக்கப்படும்போது சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்துவதில்லை. ஆயினும் பேதியால் உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் சோர்ந்திருக்கும் வேளையில் இது உடலில் தேங்கிவிடக்கூடும் என்பதால், பரிசோதனை நாளில் நிறுத்தப்படுவது வழக்கம்.

மூன்றாம் வகை, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின், ரெமோகிளிஃப்ளோசின் போன்றவை. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்துகள் இவை. விலை குறைந்ததால் இப்போது மிகுதியாகப் பயன்படுத்தப்படுகின்றன. உணவில்லாத நாள்களில் இவை தொடர்ந்தால், கீட்டோன் எனும் அமிலப்பொருள் குருதியில் கூடிவிடும் ஆபத்து உண்டு. கருவியில் சர்க்கரை அளவு ஏறத்தாழ இயல்பாகவே தெரியும். உள்ளே அமிலம் பெருகியிருக்கும். இதனால்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ஆம் ஆண்டில், திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள்களுக்கு முன்பே டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் ஆகியவற்றை நிறுத்த வேண்டும் என அறிவித்தது. கொலனோஸ்கோபிக்கும் மருத்துவர்கள் பலர் இதே முறையைக் கடைப்பிடிக்கின்றனர். முந்தைய நாள் மாலையில் இதை நினைவுகூர்ந்தால் காலம் கடந்திருக்கும். இதய நலிவுக்காக இம்மருந்தை எடுத்துக்கொள்வோர் இதய மருத்துவரையும் கலந்துகொள்ள வேண்டும்.

நான்காம் வகை, செமாகுளூட்டைடு, டுலாகுளூட்டைடு, லிராகுளூட்டைடு, டிர்செபடைடு. வாரம் ஒருமுறையோ நாள்தோறுமோ ஊசியாகவும், செமாகுளூட்டைடு மாத்திரையாகவும் எடுக்கப்படும் இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. வயிற்றில் உணவோ நீரோ தங்கியிருக்கும் நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் செல்ல வாய்ப்புண்டு. எனவே உடல் எடை குறைப்பதற்காக இவ்வூசியைப் போட்டுக்கொள்பவரும், கடைசியாகப் போட்ட நாளை மறைக்காமல் கூற வேண்டும்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் போன்றவை தனித்து எடுக்கப்படும்போது சர்க்கரையைத் தாழ்த்தும் வாய்ப்பு குறைவு. வோக்லிபோஸ், அகார்போஸ் ஆகியவை உணவுடன் மட்டுமே பயன்படுபவை. உணவில்லாத வேளையில் இவற்றுக்கு வேலையில்லை. ஆனால் இவற்றைப் பற்றி அறிய வேண்டிய ஒன்று உண்டு. அதைப் பின்னர் காண்போம்.

இன்சுலின் போடுவோருக்கு

“சாப்பிடவில்லை, எனவே ஊசியும் வேண்டாம்” என்று எல்லா இன்சுலினையும் நிறுத்துவது தவறு. “ஊசியை விடக்கூடாது” என்று முழு அளவையும் போட்டுக்கொள்வதும் தவறு.

உணவுக்கு முன் போடும் விரைவு இன்சுலின், அந்த உணவுக்காகவே போடப்படுவது. உணவு இல்லையெனில் அதுவும் பொதுவாகத் தேவையில்லை. இரவிலோ காலையிலோ ஒருமுறை போடும் நீண்ட நேர இன்சுலின், உண்ணாதபோதும் உடலுக்குத் தேவையான அடிப்படை. அதை முழுதும் நிறுத்தாமல், மருத்துவர் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைத்துத் தருவார். காலையும் இரவும் போடப்படும் கலவை இன்சுலினில் இரண்டு வகையும் சேர்ந்திருப்பதால், அதன் அளவை மருத்துவர் எழுதித் தந்தபடியே குறைக்க வேண்டும்.

முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் உடலில் இன்சுலின் அறவே சுரப்பதில்லை. அவர்கள் அடிப்படை இன்சுலினை எந்நிலையிலும் முற்றிலும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் சில மணி நேரங்களிலேயே உயிருக்கு ஊறு நேரலாம்.

மூன்று நாள்களுக்கு முன்பிருந்து உணவு

நீரிழிவு உள்ளவர்களின் குடல் மெல்ல இயங்குவதுண்டு. அவர்களுள் பலருக்கு மலச்சிக்கலும் இருக்கும். குடல் சரியாகத் தூய்மையாகாவிடில் சிறு கட்டிகள் கண்ணில் படாமல் போகும். பரிசோதனையை மீண்டும் செய்ய நேரும். எனவே இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே நார்ச்சத்தும் விதையும் குறைந்த உணவுக்கு மாற வேண்டும்.

கொங்கு நாட்டு வீடுகளில் வழக்கமாக உண்ணும் நல்லுணவுகளே இந்நாள்களில் விலக்க வேண்டியவை. கொள்ளுப்பருப்பு, பச்சைப்பயறு கடைசல், கம்மங்கூழ், ராகிக்களி, சோளச்சோறு, கீரை, நிலக்கடலை, எள்ளுப்பொடி, தேங்காய்த் துருவல், கொய்யா, விதையுள்ள தக்காளியும் கத்தரியும் இதில் அடங்கும். சர்க்கரைக்கு நல்லவை என்று மருத்துவர் சொன்னவை ஆயிற்றே எனத் தோன்றலாம். நார்ச்சத்து மிகுந்திருப்பதால்தான் அவை சர்க்கரைக்கு நல்லவை. அதே காரணத்தால்தான் குடலில் எச்சமாகத் தங்கிவிடுகின்றன.

வெள்ளைச் சோறு, இட்லி, சந்தகை, இடியாப்பம், ரவை உப்புமா, தயிர், மோர், முட்டை, ஆவியில் வேக வைத்த மீன் ஆகியவற்றை உண்ணலாம். இவற்றில் மாவுச்சத்து விரைந்து செரிப்பதால் அந்த இரண்டு நாள்களும் சர்க்கரை சற்று ஏறக்கூடும். அளவைக் குறைத்து, பிரித்து உண்க. சிறிது ஏறுவதற்காக மாத்திரையைத் தாமாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது. அடுத்து வருவது உணவில்லாத நாள்.

முந்தைய நாள்: தெளிந்த நீராகாரம்

கண்ணாடிக் குவளையில் ஊற்றி மறுபுறம் பார்க்க முடிகிறதா? முடிந்தால் அது தெளிந்த நீராகாரம். வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பாலில்லாத தேநீரும் காபியும், தெளிந்த ஆப்பிள் சாறு, வடிகட்டிய தெளிந்த சூப்பு, இளநீர் ஆகியன இதில் சேரும். பால், மோர், கரும்புச்சாறு, கூழ் ஆகியன சேரா. சிவப்பும் ஊதாவும் கலந்த பானங்களையும் விலக்குக. குடலில் அவை குருதிபோல் தோன்றி மருத்துவரைக் குழப்பும். சிறுநீரக நோய் உள்ளவர்கள், இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால், மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும்.

இந்நாளில் நீராகாரம் அனைத்தும் சர்க்கரையற்றதாக இருக்கக் கூடாது. ஒரு வேளை உணவுக்கு ஈடாகச் சுமார் 45 கிராம் மாவுச்சத்தும், இடைவேளைகளில் 15 முதல் 30 கிராமும் நீராகாரத்தின் மூலம் சேர்வது பொதுவான அளவு. மட்டமாக அளந்த ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். தெளிந்த ஆப்பிள் சாறு 150 மில்லிலிட்டரில் சுமார் 15 கிராம் உண்டு. ஒரு குவளை இளநீரில் அதைவிடக் குறைவே. மருத்துவர் வேறு அளவு கூறியிருந்தால் அதையே பின்பற்றுக. கருவியில் அளவு 200-ஐத் தாண்டினால் அடுத்த குவளையைச் சர்க்கரையின்றி அருந்தலாம். 100-ஐ நோக்கி இறங்கினால் சர்க்கரையுடன் அருந்துக.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பேதி மருந்துக் கரைசல் உணவாகாது. அதில் பெரும்பாலும் உள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் குடலில் உறிஞ்சப்படுவதே இல்லை. இரண்டு லிட்டர் குடித்தாலும் அதனால் சர்க்கரை ஏறாது. அதில் சர்க்கரையோ குளுக்கோஸோ கலக்கவும் கூடாது. தனியே அருந்த வேண்டும். அடுத்து, ஓ.ஆர்.எஸ். கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி அமைந்த ஒரு லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸே உள்ளது. ஒரு குவளையில் 3 கிராம்கூட இல்லை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய அது நல்லது; தாழ்ந்த சர்க்கரையை உயர்த்த அது போதாது.

பேதி மருந்தை இரண்டு பகுதிகளாக, முந்தைய மாலை ஒன்றும் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன் மற்றொன்றும் அருந்துவது குடலை நன்கு தூய்மையாக்கும். அதனால் அதிகாலையில் எழ நேரலாம். எழுந்தவுடன் முதலில் சர்க்கரையை அளந்துவிட்டுப் பின்னர் மருந்தைத் தொடங்குக. சோடியம் பாஸ்பேட் கலந்த பேதி மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. நீரிழிவால் சிறுநீரகம் நலிந்தவர்கள், முன்பு யாருக்கோ வாங்கி மீந்த மருந்தைப் பயன்படுத்தாமல், தமக்கு எழுதித் தந்ததையே வாங்க வேண்டும்.

எப்போதெல்லாம் அளப்பது?

மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர், நீராகார நாளில் காலை எழுந்தவுடனும், பின்னர் 4 மணி நேரத்துக்கு ஒருமுறையும், படுக்கும் முன்னும் அளக்க வேண்டும். இன்சுலின் போடுவோர் நள்ளிரவு கடந்து ஒருமுறை அளப்பது நல்லது. பரிசோதனை நாளில் எழுந்தவுடனும், வீட்டை விட்டுப் புறப்படும் முன்பும் அளக்க வேண்டும். உடல் மாறுபாடாகத் தோன்றும் எந்த வேளையிலும் அளக்க வேண்டும். 100 முதல் 180 வரை இருப்பது இந்நாள்களுக்கு ஏற்ற அளவு. வழக்கமான நாளைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதே இங்கே பாதுகாப்பு.

சர்க்கரை நீரைக் கலக்கிய கையோடு விரலைக் குத்தினால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். கையைக் கழுவித் துடைத்த பின்பே அளக்க வேண்டும். கையில் ஒட்டிய சென்சார் மூலம் அளப்பவர்கள், உடல் சொல்வதும் சென்சார் சொல்வதும் மாறுபட்டால் விரல் குத்தியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

70-க்குக் கீழே இறங்கினால்

மட்டமாக அளந்த 4 தேக்கரண்டி சர்க்கரையை அரைக் குவளை நீரில் கரைத்து அருந்துக. அல்லது 15 கிராம் குளுக்கோஸ் பொடியைக் கரைத்து அருந்துக. அல்லது 150 மில்லிலிட்டர் தெளிந்த ஆப்பிள் சாறு அருந்துக. 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க. இன்னும் 70-க்குக் கீழேயே இருந்தால் மறுமுறையும் அவ்வாறே செய்க. உயர்ந்த பின்னும் ஒரு மணி நேரத்தில் மறுபடி அளக்க. கிளிமிபிரைடு வகை மாத்திரை உடலில் இருக்கும்வரை சர்க்கரை திரும்பத் திரும்பத் தாழக்கூடும்.

வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் எடுத்துக்கொள்வோர் கவனிக்க: வீட்டில் பயன்படுத்தும் சர்க்கரை குடலில் உடைபட்ட பின்பே குளுக்கோஸாகும். அவ்வாறு உடைபடுவதைத் தடுப்பதுதான் இம்மருந்துகளின் வேலை. எனவே இவர்களுக்குச் சர்க்கரை நீர் உடனே பயன் தராது. குளுக்கோஸ் பொடியே வேண்டும். மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்கும் அதை ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்க.

அளவு 54-க்குக் கீழே சென்றாலும், இருமுறை சர்க்கரை அருந்தியும் உயராவிட்டாலும், பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் இது நேர்ந்தாலும், உடனே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். நேரம் கடந்துவிட்டதே என்று அருந்தாமல் இருக்கக் கூடாது. அருந்தியதை வந்தவுடன் செவிலியரிடம் கூறினால், மயக்க மருந்தின் நேரத்தை அதற்கேற்ப மருத்துவர் முடிவு செய்வார்.

நோயாளி நினைவிழந்தாலோ விழுங்க இயலாவிட்டாலோ, வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அளவு 300-க்கு மேல் நிலைத்திருந்தாலும், ஓயாத வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மிகுந்த சோர்வு ஆகியன தோன்றினாலும் மருத்துவமனையை அழைக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்தை எடுத்தவர்களுக்கு இவ்வறிகுறிகள் இருந்து, கருவியில் அளவு 180 என்றே காட்டினாலும், அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

பயணமும் பரிசோதனை நாளும்

வால்பாறையிலிருந்தும், சத்தியமங்கலத்திலிருந்தும், தாராபுரத்திலிருந்தும் கோவைக்கு வருவோர், பேதி மருந்தைக் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறுவது கூடாது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வழியில் கழிப்பறையும் இல்லாமல், சர்க்கரையும் தாழ்ந்தால் உதவி தொலைவிலேயே இருக்கும். முந்தைய நாள் பகலிலேயே நகருக்கு வந்து உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிக்கொள்வது நல்லது. அதற்கு வழியில்லாதவர்கள் முன்கூட்டியே கூறினால், மருத்துவமனையில் தங்கி ஆயத்தமாக ஏற்பாடு செய்ய இயலுமா என்று கேட்டறியலாம்.

வரும்போது சர்க்கரை அளக்கும் கருவி, குளுக்கோஸ் பொடி, மருந்துச் சீட்டு, இன்சுலின், கடந்த இரண்டு நாள் அளவுகள் எழுதிய தாள், பரிசோதனை முடிந்ததும் உண்பதற்குச் சிறிது உணவு ஆகியவற்றைக் கொண்டுவருக. தாமே வண்டி ஓட்டி வரவும் கூடாது. மயக்க மருந்து பெற்றவர் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டவும் கூடாது.

பரிசோதனைக்குப் பின்

உடன் வந்தவர்கள் இந்த நேரத்தில் விழிப்புடன் இருக்க வேண்டும். பரிசோதனை முடிந்தவர் உறக்கக் கலக்கத்துடன் இருப்பார். அது மயக்க மருந்தின் களைப்பு என்று எண்ணிவிடுவது எளிது. சர்க்கரை தாழ்ந்தவரும் அதே தோற்றத்தில்தான் இருப்பார். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி அளந்து பார்ப்பதுதான். செவிலியரிடம் கேட்டு ஒருமுறை அளக்கச் செய்க. வீட்டுக்குச் சென்ற பின்னும் அளக்க.

முதலில் உணவு; அதன் பின்பே மருந்து. விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து இரண்டு மாத்திரை விழுங்கக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின் வகையை, வழக்கம்போல் உண்ணவும் பருகவும் தொடங்கிய பின்னரே, மருத்துவர் கூறும் நாளில் மீண்டும் தொடங்க வேண்டும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், மிகுதியான குருதிப்போக்கு ஆகியன தோன்றினால் காலம் தாழ்த்தாமல் வர வேண்டும்.

மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டியவை

வாய்மொழியாகக் கேட்டதை வீடு திரும்புவதற்குள் மறந்துவிடுவது இயல்பு. எனவே கீழ்க்கண்ட கேள்விகளுக்கான விடைகளை ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொள்க.

எந்த மாத்திரையை எந்த நாளில் நிறுத்த வேண்டும்?
இன்சுலின் எந்த வேளைக்கு எத்தனை யூனிட்?
எந்த அளவுக்குக் கீழே சென்றால், எந்த அளவுக்கு மேலே சென்றால் அழைக்க வேண்டும்?
இரவில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் எது?
இரத்தக்கொதிப்பு மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் தொடரலாமா?
நிறுத்திய மருந்துகளை எப்போது மீண்டும் தொடங்குவது?

அந்தத் தாளை நோயாளி மட்டும் வைத்திருந்தால் போதாது. சர்க்கரை தாழும்போது முதலில் குழம்புவது அவருடைய நினைவே. எனவே அதன் மற்றொரு படி உடனிருப்பவர் கையில் இருக்கட்டும். குளுக்கோஸ் பொடி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.